இடது கால் தமிழ்நாட்டில்

வலது கால் போய்விட்டது, இடது கால் வரவில்லை. செருப்பு வார் நடு ரோட்டு மேட்டில் மாட்டிப் பிய்ந்துகொண்டது. செருப்பை விட்டுவிட்டுப் போகலாம் என்றால் மே மாதத்துத் தார், பதினொன்றரை வெயில், வெறுங்காலை வைத்தால் தோல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். குனிந்து மாட்டலாம் என்றால் இரண்டு கையிலும் நீல டப்பு, டப்புக்குள் ஐஸ் தண்ணீர், தண்ணீருக்குள் பன்னிரண்டு பீர், மேலே அம்மாவின் ஈரத் துண்டு. தனிஸ் நடு ரோட்டில் நின்றான். நிற்கக் கூடாத இடம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அவன் நின்ற நேரமும் நிற்கக் கூடாத நேரம்தான், ஏனென்றால் தெருமுனையில் ஒரு பழைய ஸ்கூட்டர் திரும்பி வந்து அவன் வீட்டு வாசலுக்குப் பக்கத்தில் வேப்பமரத்து நிழலில் நின்றது, அதிலிருந்து இறங்கியவர் அக்காவின் வருங்கால மாமனார். மாப்பிள்ளை வீட்டு வேன் பன்னிரண்டரைக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டரை என்றால் ஒன்றரை என்று அம்மா வைத்துக்கொண்டிருந்தாள், எல்லாரும் அப்படித்தானே வைத்துக்கொள்வார்கள். இவர் மட்டும் தனியாக, ஒரு மணி நேரம் முன்னாலேயே. இருதயசாமி. முப்பத்திரண்டு வருஷம் தமிழ்நாட்டுப் போலீசில் இருந்தவர், அதில் கடைசிப் பதினோரு வருஷம் மதுவிலக்குப் பிரிவில், சப்-இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆனவர். தனிஸுக்கு வயிற்றுக்குள் ஏதோ குதித்தது. பயம் என்றுதான் முதலில் நினைத்தான். ஆனால் அது காலையில் எழுந்ததிலிருந்தே குதித்துக்கொண்டிருந்த அதே குதிதான், சட்டைக்கு இஸ்திரி போட்டபோதும், தெரு முழுக்கப் பட்டை கிராம்பு வாசனை ஏறியபோதும் குதித்ததுதான், இப்போது கொஞ்சம் உயரமாகக் குதிக்கிறது, அவ்வளவே. இன்றைக்கு அக்காவுக்கு நிச்சயம். இன்றைக்கு எது நடந்தாலும் அது பெரிதாகத்தான் நடக்கும்.

இந்த ரோடு எப்படிப்பட்ட ரோடு என்று தெரியாதவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. வடக்குப் பாதி தமிழ்நாடு, தெற்குப் பாதி புதுச்சேரி. நடுவில் வேலி கிடையாது, கல் கிடையாது, செக்போஸ்ட் தள்ளி மெயின் ரோட்டில் இருக்கிறது. ஆனால் ரோடு போட வந்தால் மட்டும் இரண்டு அரசாங்கமும் தன் தன் பாதியைத்தான் போடும், அவர்கள் ஒரு வருஷம், இவர்கள் மூன்று வருஷம் கழித்து, ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளாமல். இரண்டு தாரும் வந்து முட்டும் இடத்தில் ஒரு அங்குலத்துக்கு ஒரு மேடு நீளமாக ஓடும். அதுதான் எல்லை. சைக்கிள் பழகிய பிள்ளைகள் எல்லாரும் அந்த மேட்டில் விழுந்திருக்கிறார்கள், தனிஸின் முழங்கால் தழும்பு இரண்டு அரசாங்கத்துக்கும் பொது. அவன் முழுப் பெயர் ஸ்தனிஸ்லாஸ், பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களுக்கே வாயில் நுழையாது, தெருவில் எல்லாருக்கும் தனிஸ். பதினெட்டு வருஷம் அவன் அந்தப் பக்கம்தான் இருந்தான், லெயோன் மாமா வீட்டு மாடியில் வாடகைக்கு. அப்பா கபிரியேல் புதுச்சேரி மின்துறையில் லைன்மேன், அந்தப் பக்கத்துக் கம்பங்கள் எல்லாம் அப்பா ஏறிய கம்பங்கள். இந்தப் பக்கம் கரண்ட் போனால் அந்தப் பக்கம் ஃபேன் ஓடும், அப்பா பால்கனியில் நின்று, எதிர் வீட்டுக்காரர்கள் விசிறிக்கொள்வதைப் பார்த்து, "தமிழ்நாடு வேர்க்குதுடா" என்று சிரிப்பார். இப்போது அந்த எதிர் வீடே அவர்களுடையது. பொங்கல் கழித்து வாங்கிக் குடிவந்தார்கள். சாமான் ஏற்ற வண்டிகூடப் பிடிக்கவில்லை, பீரோவை நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டினார்கள், அம்மா பால் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். வீடு மாறிய மாதிரியே இல்லை. மாவு வாங்க அந்தப் பக்கம், பரோட்டா வாங்க அந்தப் பக்கம், கோயிலுக்கு அந்தப் பக்கம், முடி வெட்ட அந்தப் பக்கம். கால் மட்டும் இந்தப் பக்கம் வந்தது, தலை யாருக்கும் வரவில்லை. அதனால்தான் இன்று காலை நடந்தது நடந்தது. அதனால்தான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், ஆனால் வாங்கியவன் தனிஸ், தூக்கிக்கொண்டு வந்தவன் தனிஸ்.

வாங்கியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வந்தது, இந்த வெயிலிலும், இந்த மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதும். போன மாதம் இருபதாம் தேதி அவனுக்குப் பதினெட்டு முடிந்தது. முனையில் இருக்கும் ஒயின் ஷாப்பைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறான், அதன் நிழலில் கோலி ஆடியிருக்கிறான், உள்ளே காலை வைத்ததில்லை. இன்று காலை பத்து மணிக்கு அப்பா, "போய் ஒரு கேஸ் பீர் எடுத்துட்டு வாடா, உனக்குத்தான் வயசாயிடுச்சே" என்றார். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்ன மாதிரி சொன்னார், ஆனால் அப்பா முகத்திலும் ஒரு மாதிரி இருந்தது. தனிஸ் ஆதார் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். கடைக்காரர் அவனைத் தெரிந்தவர்தான், இருந்தாலும் அவன் கார்டை எடுத்து மேசை மேல் வைத்தான். "நான் கேட்கவே இல்லையேடா" என்றார் அவர். "கேளுங்க" என்றான் தனிஸ். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேதியைப் படித்து, பேப்பரில் கூட்டிப் பார்த்து, "சரி, பெரிய மனுஷன்" என்று கேஸை எடுத்து வைத்தார். அந்த ஒரு நிமிஷம். பிளஸ் டூ ரிசல்ட் வந்தபோதுகூட அப்படி இல்லை, ஐம்பத்தொரு சதவீதத்துக்கு யார் கேஸை எடுத்து வைப்பார்கள், எல்லாரும் "அடுத்து என்ன" என்றுதான் கேட்டார்கள். அடுத்து ஒன்றும் இல்லை, காலேஜ் இல்லை, ஜெயசீலன் மாமா திண்டிவனத்தில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறார், கல்யாணம் முடிந்ததும் வா, ஏசிக்கு கேஸ் நிரப்பக் கற்றுத்தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஜெயசீலன் மாமாதான் மாப்பிள்ளை. அவர் அப்பாதான் இந்த ஹெல்மெட். கேஸைத் தோளில் வைத்துக்கொண்டு தனிஸ் ரோட்டைத் தாண்டினான், இதே மேட்டைத் தாண்டினான், அப்போது செருப்பு பிய்யவில்லை, ஒரு மயிரும் நடக்கவில்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்பா பாட்டில்களைப் பிரித்து டப்பில் அடுக்கினார், ஐஸ் கட்டியை உடைத்துக் கொட்டினார், தன் வாழ்நாளில் எத்தனை விசேஷத்துக்கு அப்படி அடுக்கியிருப்பார், புதுநன்மைக்கு, ஞானஸ்நானத்துக்கு, பெரியப்பா ரியூனியன் தீவிலிருந்து வந்ததற்கு. ஆம்பளைகளுக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிளாஸ் கொடுக்காமல் அனுப்பினால் வெறும் வாயோடு அனுப்பிவிட்டான் என்பார்கள். ஒருத்தருக்கும், ஒரே ஒருத்தருக்கும், இது தமிழ்நாடு என்று தோன்றவில்லை.

அக்கா மார்செலினுக்குத்தான் தோன்றியது. அக்கா பட்டுப் புடவையோடு பின்கட்டுக்கு ஊசி தேட வந்தவள், டப்பைப் பார்த்தாள், குனிந்து ஒரு பாட்டிலைத் திருப்பினாள். லேபிளில் சின்ன எழுத்தில் புதுச்சேரியில் மட்டும் விற்பனைக்கு என்று இருக்கும், பிறந்ததிலிருந்து யாரும் படிக்காத வரி. அக்கா படித்தாள். நர்ஸ் இல்லையா, எந்தப் பாட்டிலையும் படித்துவிட்டுத்தான் கீழே வைப்பாள். கத்தவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போய், "அப்பா, இது எந்த ஊருப்பா" என்றாள். அப்பா, "எது?" என்றார். "நாம இப்ப நிக்கறது." அப்பா கையில் ஐஸ் உளி அப்படியே நின்றது. அதற்கப்புறம் அக்கா பேசியதெல்லாம் வேகமாக, மெதுவான குரலில், சமையல்காரருக்குக் கேட்காமல். அந்தச் சரக்கை இந்தப் பக்கம் கொண்டுவந்ததே தப்பு. வைத்திருப்பது தப்பு. இருபத்தொரு வயசு ஆகாதவனுக்கு இந்தப் பக்கம் ஊற்றினால் அது இன்னொரு தப்பு, சித்தப்பா பையன்கள் மூணு பேரும் பத்தொன்பது இருபதுதான். கொடுத்தே ஆகணும்னா எல்லாம் லெயோன் மாமா மாடிக்குப் போகட்டும், சோறு இந்தப் பக்கம், பீர் அந்தப் பக்கம், வேணும்ங்கறவங்க ரோட்டைத் தாண்டிப் போய்க் குடிச்சிட்டு வரட்டும். வண்டியில் வந்தவன் எவனும் குடிக்கக் கூடாது, குடிக்கணும்னா சாவியைக் கொடுத்துட்டுத்தான். லெயோன் மாமாவுக்குப் போன் போட்டாள். அவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் சிப்பாய், ஊரில் சொல்தா என்பார்கள், உத்தரவு போட்டால் அவருக்கு ஒரே குஷி. "சாவி எல்லாம் என் பட்டாளத் தொப்பியில போட்டுடலாம் மார்சி, தொப்பி மேல நான் உக்காந்துக்கறேன்" என்றாராம். எல்லாம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. தனிஸுக்குப் பிரமிப்பாக இருந்தது. ஒரு விருந்துக்குள் இவ்வளவு சட்டம் இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது, அதைவிட அக்காவுக்குள் இப்படி ஒரு இன்ஸ்பெக்டர் இருப்பாள் என்று தெரியாது. நாற்பதடி தூரம். நாற்பதடி இந்தப் பக்கம் அவன் குழந்தை, நாற்பதடி அந்தப் பக்கம் அவன் பெரிய மனுஷன். இதை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் டப்பைத் தூக்கினான். தூக்கும்போது அப்பா பக்கத்தில் வந்து, அக்காவுக்குக் கேட்காமல், "யாராவது கேட்டா ஐஸுன்னு சொல்லு" என்றார். "யார் கேட்டாலும். ஐஸு. அவ்வளவுதான். வேற வாயே திறக்காத, உனக்கு வாய் ஜாஸ்தி."

ஐஸ். பொய்யும் இல்லை, ஐஸ் இருக்கத்தான் செய்கிறது, துண்டுக்குக் கீழே மிதந்துகொண்டு இருக்கிறது, முழங்கை வழியாகச் சில்லென்று சொட்டுகிறது. ஐஸ் என்று சொன்னால் பாதி உண்மை. பாதி உண்மை எந்தப் பக்கத்தில் சேரும், மேட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா. அவர் ஹெல்மெட்டைக் கழற்றி ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டிவிட்டார். இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். கண்ணாடி இல்லாமல் தெரியுமா தெரியாதா, தெரியாது என்றால் இதுதான் சமயம், செருப்பை உதறிவிட்டு நாலே எட்டு, தார் சுட்டால் சுடட்டும். ஆனால் நாலு எட்டில் டங் டங் என்று நாற்பது சத்தம் வரும். பதினோரு வருஷம் அந்தச் சத்தத்தைத் தேடியே வேலை பார்த்த காது. ஜெயசீலன் மாமா ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார், "எங்கப்பா எங்க மாமாவையே புடிச்சவருடா." அவருடைய சொந்த மச்சினன், சம்சாரத்தின் கூடப்பிறந்தவர், குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பிய காரில் பின்சீட்டுக்கு அடியில் நாலு பாட்டில். செக்போஸ்டில் நின்றவர் இவர். எல்லாரையும் இறக்கி, பாட்டிலை எடுத்து, கேஸ் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாராம். "எங்கம்மா ரெண்டு வருஷம் அவர்கிட்ட பேசல. சோறு போடுவாங்க, பேச மாட்டாங்க." தனிஸ் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தான். ஆளு சூப்பர் என்றுகூடச் சொன்னான். இப்போது அந்த ஆள் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, வாசலில் கட்டியிருந்த வாழைமரத்தைப் பார்த்து, கேட்டைப் பார்த்து, ரோட்டைப் பார்த்து, நேராக அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டார். அவ்வளவுதான். முடிந்தது என்று நினைத்ததும் ஏனோ உடம்பு முழுக்க லேசாகிவிட்டது, டப்பு மட்டும் கனத்தது. தப்பிக்க முடியாது என்று தெரிந்துவிட்டால் அதற்கு மேல் ஒரு சந்தோஷம் இருக்கிறது, பரீட்சையில் மணி அடித்தவுடன் வருமே, அது.

முடிந்தது என்றால் எது முடிந்தது. அவனை என்ன செய்துவிடுவார், ரிட்டயர் ஆனவர், கேஸ் எழுத முடியாது, போன் பண்ணலாம், பண்ணட்டும். அவனுக்கு வருவது அவனோடு போகும். அக்கா. அந்த இடத்துக்கு வந்தால் மட்டும் குதிப்பது நின்றுவிடுகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை, லெயோன் மாமா மாடியில், இதே நீல டப்பு, அப்போது இரண்டு காதும் உடையாமல் இருந்தது, இப்போது இடது பக்கக் காது உடைந்து விளிம்பு கையை அறுக்கிறது. அப்பா அன்றைக்குக் காலையிலிருந்தே ஒவ்வொன்றாக உள்ளே இறக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு வந்தது வேறு மாப்பிள்ளை வீடு, அந்த மாப்பிள்ளையின் அப்பா கொஞ்சம் குள்ளம். அதை யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அப்பா சொன்னார். சொல்லிவிட்டு அவரைத் தூக்கி நாற்காலி மேல் நிறுத்தப் பார்த்தார், பாசத்தில்தான், கண்ணில் தண்ணீரோடு, "இப்ப பாருங்க, என் சம்பந்தி எவ்வளவு உசரம்" என்று. அந்த மனிதர் சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டே, "அப்புறம் பேசலாம்" என்றார். அப்புறம் பேசலாம். அப்புறம் அவர் பேசவே இல்லை. அம்மா போன் செய்தால் எடுக்கவில்லை. அக்கா பதினோரு நாள் டூட்டிக்குப் போகவில்லை, அறைக்குள்ளேயே இருந்தாள், அழுகிற சத்தமும் கேட்கவில்லை, ஃபேன் ஓடுகிற சத்தம்தான். தனிஸ் கதவுக்கு வெளியே தட்டை வைத்துவிட்டு, தட்டு நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பன்னிரண்டாம் நாள் வெளியே வந்து, "இஸ்திரிப் பெட்டி எங்கடா" என்றாள். அப்பா அன்றோடு விட்டுவிட்டார், ஒரு சொட்டு தொடவில்லை, ஆனால் கொடுப்பதை விடவில்லை, கொடுக்காமல் இருந்தால் சம்பந்திக்கு மரியாதைக் குறைச்சல் என்று இன்னமும் நம்புகிறார். இந்தத் தடவை அக்கா சிரிக்கிறாள். போனில் பேசும்போது சுவரைப் பார்த்துச் சிரிக்கிறாள். இன்று காலை ஜடை பின்னும்போது பாடினாள், அவளுக்குப் பாட்டே வராது. அதைக் கொண்டுபோய் இந்த டப்புக்குள் போட்டு நடு ரோட்டில் தூக்கிக்கொண்டு நிற்கிறான் தம்பி.

அவர் நடந்து வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட், கையில் கைக்குட்டை. அவர் வரும் பாதி தமிழ்நாட்டுப் பாதி. மேட்டுக்கு அரையடி முன்னால் சரியாக நின்றார், அங்கே மேடு இருப்பது கண்ணை மூடினாலும் தெரியும் என்கிற மாதிரி.

"தனிஸ்தானே?"

"ஆமாங்க மாமா."

"அன்னிக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப இன்னும் குட்டையா இருந்த." குனிந்து செருப்பைப் பார்த்தார். டப்பைப் பார்த்தார். துண்டின் ஒரு ஓரம் சரிந்து பச்சைக் கழுத்து ஒன்று வெளியே தெரிந்தது. "என்ன தம்பி அது?"

ஐஸ். நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. ஒரே சொல். சொன்னால் அவர் சரி என்பார், இல்லையென்றால் துண்டைத் தூக்குவார். தூக்கினால் அக்கா வீட்டில் பொய்யும் இருக்கிறது, பீரும் இருக்கிறது. பீர் மட்டும் இருப்பது பரவாயில்லை என்று எங்கிருந்தோ தோன்றியது. அது யோசித்து வந்ததுகூட இல்லை, அவனுக்குப் பொறுமை கிடையாது, அவ்வளவுதான், மனசுக்குள் இவ்வளவு நேரம் ஓடியதே அவனுக்குப் பெரிய விஷயம்.

"பீருங்க," என்றான். "பன்னெண்டு. அந்தப் பக்கக் கடையில நான்தான் வாங்கினேன். பழக்கத்துல வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். அக்காவுக்குத் தெரியாது, பாத்த உடனே திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிடுச்சு. அதுக்குள்ள செருப்பு பிஞ்சிடுச்சு." மூச்சு வாங்கியது. "ஐஸும் இருக்கு."

அவர் துண்டின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினார். உதடு அசைந்தது, எண்ணினார் போலிருக்கிறது. மூடினார்.

"எவ்வளவு நேரம் இந்தப் பக்கம் இருந்துச்சு?"

"ஒண்ணேகால் மணி நேரம்."

"யாராவது தொட்டாங்களா?"

"இல்ல."

"நீ?"

"இன்னும் இல்ல."

"இன்னும்," என்றார். "வயசு?"

"பதினெட்டு. மூணு வாரம் ஆச்சு."

"இங்க இருபத்தொண்ணு."

"தெரியும் மாமா. அங்க பதினெட்டு. அங்கதான் போயிட்டிருந்தேன்."

அவருக்குப் பின்னால் கேட் கிறீச்சிட்டது. அப்பா. புது வேட்டி, தோளில் துண்டு, கையில் இன்னமும் ஐஸ் உளி. பாதி தூரம் ஓடி வந்தவர் அங்கேயே நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஐஸுங்க சம்பந்தி, ஐஸு," என்றார். "கறிக்கடைக்காரருக்கு எடுத்துட்டுப் போறான்."

இருதயசாமி திரும்பிப் பார்க்கவில்லை. "ஐஸும் இருக்குன்னு தம்பி சொன்னான்," என்றார்.

அப்பாவின் முகத்தைத் தனிஸால் பார்க்க முடியவில்லை. பார்வையை அதற்கு மேலே தூக்கினால் மாடி ஜன்னல், ஜன்னலில் ஒரு பட்டுப் புடவையின் சிவப்பு, அசையாமல். அக்கா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அப்பா கத்தியதைத் தவிர எதுவும் கேட்காது, பார்க்க மட்டும் முடியும். அங்கிருந்து பார்த்தால் எப்படித் தெரியும், ஒரு மனிதர், ஒரு டப்பு, ஒரு முட்டாள் தம்பி. ஒரு சைக்கிள்காரன் மணி அடித்துக்கொண்டே மேட்டில் ஏறி இறங்கிப் போனான்.

"பாரு தம்பி," என்றார் அவர், காலைக் காட்டி. "உன் வலது கால் புதுச்சேரியில இருக்கு. இடது காலையும் எடுத்து அங்க வை. செருப்பை நான் தள்ளிவிடறேன். அப்புறம் பேசலாம்."

அப்புறம் பேசலாம். அதே இரண்டு சொல், அதே அமைதியான குரல், சட்டையைச் சரிசெய்துகொண்டே சொல்கிற குரல். தனிஸின் காதுக்குள் ஃபேன் ஓட ஆரம்பித்தது. பதினோரு நாள் ஓடிய ஃபேன். காலை எடுத்தால் டப்பு போய்விடும், சட்டம் சரியாகிவிடும், இவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விடுவார், அப்புறம் போனை எடுக்க மாட்டார். காலை எடுப்பது எவ்வளவு சுலபம். எடுத்தால் அவன் தப்பித்துவிடுவான், அதுதான் அதில் இருக்கிற கோளாறு.

"அப்புறம் வேணாம் மாமா," என்றான். "இப்பவே சொல்லிடுங்க."

"என்னத்தை?"

"அக்காவை வேணாம்னு சொல்லிடுவீங்களா. அதைச் சொல்லுங்க. சொன்னாத்தான் காலை எடுப்பேன். இல்லன்னா யாருக்கு வேணா போன் பண்ணுங்க, வர்ற வரைக்கும் இங்கயே நிக்கறேன், சரக்கோட."

"டேய்," என்றார் அப்பா, சத்தமே வராமல்.

இருதயசாமி அவனைப் பார்த்தார். வியர்வை புருவத்திலிருந்து கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. இடது பக்க விளிம்பு உள்ளங்கையை அறுத்தது. டப்பைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்தான், பாட்டில்கள் டங் என்றன, உள்ளே இருப்பது பயமா, காலையிலிருந்து குதித்த அந்தக் குதியா, இனிமேல் பிரித்துச் சொல்ல முடியாது. மாடி ஜன்னலில் அந்தச் சிவப்பு இப்போது இல்லை. இறங்கி வருகிறாள். படியில் கொலுசுச் சத்தம்.

"கனமா?" என்றார் அவர்.

"கனம்தான்."

அவர் கைக்குட்டையைச் சட்டைப் பையில் வைத்தார். ஓர் அடி எடுத்து, மேட்டுக்கு இந்தப் பக்கமே நின்று, உடைந்த காது இருந்த பக்கத்தில் இரண்டு கையையும் டப்புக்கு அடியில் கொடுத்துத் தூக்கினார். பாதிக் கனம் சட்டென்று போய்விட்டது. வெள்ளைச் சட்டைக் கையெல்லாம் ஐஸ் தண்ணீர் இறங்கியது.

"முப்பத்திரண்டு வருஷ சர்வீசு," என்றார், தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி. "ரிட்டயர் ஆகி நாலு வருஷம். தமிழ்நாட்டு மண்ணுல நின்னுக்கிட்டு கையில புதுச்சேரி சரக்கு. என் மச்சினன் பாத்தான்னா செத்தே போயிடுவான்." அப்புறம், கேட் பக்கம் தலையைக் கொஞ்சம் திருப்பி, வாசலில் மூச்சிரைக்க வந்து நின்ற அக்காவுக்கும் கேட்கிற மாதிரி, "நிச்சயத்துக்குத்தான்மா வந்தேன். லேட்டாயிடக் கூடாதுன்னு முன்னாடியே வந்தேன். வேன்ல பாதிரியார் வர்றாரு, நாங்க ரெண்டு பேரும் இப்படி நிக்கறதைப் பாத்தா நல்லா இருக்காது." மறுபடியும் தனிஸிடம், "காலை எடு தம்பி. இப்ப நானும் மாட்டியிருக்கேன்."

எதிரே லெயோன் மாமா மாடிக் கைப்பிடியில் சாய்ந்து, தலையில் அந்தப் பட்டாளத் தொப்பியோடு, இரண்டு கையையும் ஆட்டி வா வா என்றார். அப்பா ஐஸ் உளியை வேட்டியில் துடைத்தார், எதற்கென்று அவருக்கே தெரியாது. பிரியாணி வாசனை ரோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, அதை யாரும் நிறுத்தவில்லை.

"எடு," என்றார் இருதயசாமி. "கை வலிக்குது."

தனிஸ் அக்காவைப் பார்த்தான். அவள் வாயைப் புடவையால் பொத்திக்கொண்டிருந்தாள், தோள் குலுங்கியது, அழுகை இல்லை அது. இடது காலை எடுக்கச் சொல்லி அவர் மூன்று தடவை சொல்லிவிட்டார், அப்பாவும் சொன்னார். கேட்ட பதில் கிடைத்துவிட்டது, இருந்தாலும் அக்கா சிரித்து முடிக்கட்டும் என்று அவன் இன்னும் எடுக்கவில்லை.